பாதியில் நின்ற வீடும் பாதை தேடிய பள்ளியும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். வீடு கட்டத் தொடங்கியவர்கள் எல்லாரும் அதைக் கட்டி முடித்துவிடுவதில்லை. கையில் இருந்த பணம் தீர்ந்துபோகும். உடல்நலம் குன்றும். தொடங்கியவரே கண்மூடிவிடுவார். கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் தூண்களைப் பார்க்கிறபோதெல்லாம், 'இவ்வளவு பாடுபட்டும் வீணாய்ப் போயிற்றே' என்று நாம் பெருமூச்சு விடுகிறோம்.

அப்படிப் பாதியில் நின்றுபோன ஒரு வீட்டின் கதையைத்தான் இன்று சிந்திக்கப் போகிறோம். அது இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயர் பகுதியில், ரிபிள் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கிளிதரோ என்ற சிறு நகரிலிருந்து சில மைல் தொலைவில், பச்சைப் புல்வெளிகளுக்கு நடுவே நிற்கும் அந்த மாளிகையின் பெயர் ஸ்டோனிஹர்ஸ்ட். இன்று அது இயேசு சபையினரின் புகழ்பெற்ற கத்தோலிக்கப் பள்ளி. ஆனால் அதைக் கட்டத் தொடங்கியவர் பள்ளிக்கூடம் என்ற நினைவோடு கட்டவில்லை. தன் குடும்பம் வாழ்வதற்காகவே கட்டினார். அதையும் முடிக்காமலே இறந்துபோனார்.

ஒரு கட்டடத்தின் கற்களை வாசிக்கத் தெரிந்தால், அதில் வாழ்ந்தவர்களின் விசுவாசத்தையும் வாசித்துவிடலாம். வாருங்கள், இந்த வீட்டை வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டு போவோம்.

வாயில் சொல்லும் செய்தி

ஸ்டோனிஹர்ஸ்டுக்குச் செல்பவர் ஒரு நீண்ட நேர் சாலை வழியாக நடந்து வருகிறார். சாலையின் இரு புறமும் நீண்ட செவ்வக வடிவக் குளங்கள் இரண்டு வானத்தைப் பிரதிபலித்துக் கொண்டிருக்கின்றன. சாலையின் முடிவில் உயர்ந்து நிற்பது வாயில் மாடம். கீழே வளைவான நுழைவாயில். அதற்கு மேலே அடுக்கடுக்காகக் கல் சட்டங்களால் பிரிக்கப்பட்ட பெரிய சன்னல்கள். வாயிலின் இரு பக்கங்களிலும் இரட்டை இரட்டையாகத் தூண்கள் நான்கு அடுக்குகளில் ஏறிச் செல்கின்றன. கீழ் அடுக்கில் எளிய டோரிக் பாணி, அதற்கு மேல் அயோனிக், அதற்கும் மேல் கொரிந்தியன், உச்சியில் இரண்டும் கலந்த பாணி என்று ஒவ்வோர் அடுக்கிலும் தூணின் அழகு கூடிக்கொண்டே போகிறது.

கிரேக்க, உரோமைக் கட்டடக்கலையை ஐரோப்பா மீண்டும் கண்டெடுத்துக் கொண்டாடிய காலம் அது. தலைநகர் இலண்டனிலிருந்து வெகு தொலைவில் இருந்த ஒரு கிராமப்புறத்தில் இப்படி ஒரு வாயிலை எழுப்ப வேண்டுமானால், கட்டியவர் படித்தவராகவும் வசதி படைத்தவராகவும் இருந்திருக்க வேண்டும். அவர் பெயர் சர் ரிச்சர்டு ஷெர்பர்ன். எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்டு, மேரி, முதலாம் எலிசபெத் என்று நான்கு ஆட்சியாளர்களின் காலத்தையும் கண்டவர். நாடு கத்தோலிக்க நம்பிக்கையை விட்டு விலகியது, மீண்டும் திரும்பியது, மறுபடியும் விலகியது. இத்தனையையும் அவர் ஒரே வாழ்நாளில் பார்த்தார். 1592-ஆம் ஆண்டு, தம் முதிர்ந்த வயதில், இந்தப் புதிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார்.

அன்றைய இங்கிலாந்தில் கத்தோலிக்கராக இருப்பது எளிதன்று. அரசு அங்கீகரித்த வழிபாட்டுக்கு ஞாயிறுதோறும் செல்லாதவர்களுக்கு 1559-ஆம் ஆண்டுச் சட்டம் 12 பென்னி அபராதம் விதித்தது. 1581-இல் அந்த அபராதம் மாதத்துக்கு 20 பவுண்டாக உயர்ந்தது. பெரும் நிலக்கிழார்களையே நொடித்துப் போகச் செய்யும் தொகை அது. 1585-ஆம் ஆண்டுச் சட்டமோ இன்னும் கொடியது. வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றவர் இங்கிலாந்தில் கால் வைத்தாலே இராசத் துரோகம் என்றது. அவருக்கு அறிந்தே அடைக்கலம் கொடுத்தவருக்கும் மரண தண்டனை காத்திருந்தது.

சர் ரிச்சர்டு அரசுப் பொறுப்புகளை வகித்தவர். ஆகவே வெளியே ஒரு விதமாகவும், உள்ளே வேறு விதமாகவும் வாழ வேண்டியிருந்தது. அவரும் குடும்பத்தாரும் கட்டளைப்படி ஆலயத்துக்கு வந்தாலும், போதகர் சொல்வது காதில் விழாதிருக்கக் காதுகளில் கம்பளி நூலை அடைத்துக்கொள்கிறார்கள் என்று அக்கால அறிக்கையொன்று குற்றம் சாட்டியது. படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எவ்வளவு அச்சம், எவ்வளவு மன உளைச்சல் இருந்திருக்கும்! மறைச்சாட்சியாக உயிரைக் கொடுக்கும் துணிவும் அவருக்கு இல்லை. விசுவாசத்தை விட்டுவிடும் மனமும் இல்லை. நம்மில் பலருடைய நிலையும் இதுதானே?

சுவருக்குள் ஒளிந்த திருச்சபை

அக்காலத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் வீடுகளைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். அன்று இங்கிலாந்தில் கத்தோலிக்கருக்கு ஆலயம் கிடையாது. பழைய ஆலயங்கள் எல்லாம் கைமாறிப் போயிருந்தன. ஆகவே வீடுதான் ஆலயம். மேல்மாடி அறைதான் பீடம். வணிகனைப் போலவோ வேலைக்காரனைப் போலவோ மாறுவேடத்தில் வரும் குருவானவர் இரவில் திருப்பலி நிறைவேற்றுவார். பொழுது விடிவதற்குள் பீடத்துணியும் கிண்ணமும் மறைந்துவிடும். சோதனைக்கு வீரர்கள் வந்துவிட்டால், குருவானவரும் மறைய வேண்டும்.

எங்கே மறைவது? சுவருக்குள்ளே, படிக்கட்டுக்கு அடியிலே, புகைபோக்கிக்குப் பின்னாலே. இதற்கென்றே இரகசிய அறைகளைக் கட்டிக் கொடுத்தவர் இயேசு சபையின் துணைச் சகோதரர் நிக்கோலஸ் ஓவன். ஊஸ்டர்ஷயரில் உள்ள ஹார்விங்டன் மாளிகையில் அத்தகைய மறைவிடங்களை இன்றும் காணலாம். அங்கே படிக்கட்டின் படிகளைத் தூக்கினால் கீழே ஒரு குழி. ஓர் அறையில் சுவரோடு சுவராக நிற்கும் மர உத்திரத்தைத் தள்ளினால் அது சுழன்று வழிவிடும். ஓவன் 1606-இல் இலண்டன் கோபுரச் சிறையில் சித்திரவதைக்கு உள்ளாகி இறந்தார். தாம் கட்டிய மறைவிடங்களில் ஒன்றையும் காட்டிக் கொடுக்கவில்லை. 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

இந்தக் காலகட்டத்தில்தான் சர் ரிச்சர்டு தம் மாளிகையைக் கட்டினார். நான்கு பக்கமும் கட்டடம் சூழ, நடுவே முற்றம் என்பதே அவருடைய திட்டம். வேலை தொடங்கி இரண்டே ஆண்டுகளில், 1594-இல், அவர் இறந்துவிட்டார். மகன் தொடர்ந்து கட்டினார். ஆயினும் முற்றத்தின் எல்லாப் பக்கங்களும் எழும்பவில்லை. அழகிய வாயில் மாடம் எழுந்தது; அதன் ஒரு பக்கம் இருந்தது, மறு பக்கம் இல்லை. ஒரு கையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும் மனிதனைப் போல மாளிகை நின்றது.

1648-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரஸ்டன் நகரில் நடைபெறவிருந்த போருக்கு முந்தின இரவில் ஆலிவர் குரோம்வெல் தம் படையோடு இந்த வீட்டருகே தங்கினார். அதை அவரே தம் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். கத்தோலிக்கர் வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியாமல், கவச உடையைக் களையாமல், கைத்துப்பாக்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உணவுக்கூடத்தில் இருந்த பெரிய மேசையின்மேல் அவர் படுத்திருந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்த மேசை இன்றும் பள்ளியில் இருக்கிறது. காலையில் புறப்படும்போது வீட்டைத் திரும்பிப் பார்த்து, தாம் கண்ட பாதி வீடுகளிலேயே இதுதான் மிகச் சிறந்தது என்று சொன்னாராம். எதிரியின் வாயிலிருந்து வந்த பாராட்டா, ஏளனமா என்று தெரியாத அந்தச் சொல் வீட்டோடு ஒட்டிக்கொண்டது.

அதன்பின் வந்த சர் நிக்கோலஸ் ஷெர்பர்ன் வீட்டை அழகுபடுத்தினார். நாம் வாசலில் பார்த்த குளங்களும் நீண்ட சாலையும் தோட்டமும் அவர் காலத்தவை. வாயில் மாடத்தின் உச்சியில் கழுகுச் சிலைகளோடு கூடிய இரு குவிமாடங்களை 1712-இல் வைத்தவரும் அவரே. ஆனால் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1702-இல், அவருடைய மகன் ஒன்பது வயதில் இறந்துபோயிருந்தான். தோட்டத்தில் இருந்த நச்சுப் பழங்களைத் தின்றதால் இறந்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. குடும்பப் பெயரைச் சுமக்க ஆண் வாரிசு இல்லை. மகள் 1754-இல் மறைந்தபின், சொத்து தூரத்து டார்செட் பகுதியில் லல்வொர்த் கோட்டையில் வாழ்ந்த வெல்ட் என்னும் உறவுக் குடும்பத்துக்குச் சென்றது. அவர்களுக்கு இங்கே குடியிருக்க வேண்டிய தேவை இல்லை. கூரை ஒழுகத் தொடங்கியது. பாதியில் நின்ற வீடு, இருந்த பாதியையும் இழந்து கொண்டிருந்தது.

மனிதப் பார்வையில் கதை இதோடு முடிந்துவிட்டது. ஆனால் இறைவனின் கணக்கு வேறு.

கடலுக்கு அப்பால் ஒரு பள்ளி

கொஞ்சம் பின்னோக்கிச் செல்வோம். சர் ரிச்சர்டு அடிக்கல் நாட்டியதற்கு அடுத்த ஆண்டு, அதாவது 1593-இல், கடலுக்கு அப்பால் வேறொரு தொடக்கம் நிகழ்ந்தது. அன்று ஸ்பெயின் அரசரின் ஆட்சியில் இருந்த செயிண்ட் ஓமர் நகரில், இயேசு சபைக் குரு இராபர்ட் பெர்சன்ஸ் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். தாய்நாட்டில் கத்தோலிக்கக் கல்வி பெற வழியில்லாத பிள்ளைகளுக்கான பள்ளி அது. பிள்ளைகளை அங்கே அனுப்புவதும் சட்டப்படி குற்றமாக இருந்தது. ஆயினும் பெற்றோர் அனுப்பினார்கள். இரகசியமாகக் கப்பலேற்றி, மீண்டும் எப்போது பார்ப்போம் என்று தெரியாமல் அனுப்பினார்கள்.

அந்தப் பிள்ளைகளில் சிலர் குருக்களாகி, சாவு காத்திருக்கிறது என்று தெரிந்தே தாய்நாடு திரும்பினார்கள். புனித தாமஸ் கார்னெட் 1608-இல் இலண்டன் டைபர்னில் கொல்லப்பட்டார். புனித பிலிப் எவான்ஸ் கார்டிஃப் நகரிலும், புனித ஜான் பிளெசிங்டன் செஸ்டர் நகரிலும் 1679-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் உயிர் துறந்தார்கள். மூவரும் இந்தப் பள்ளியின் மாணவர்கள்.

பள்ளிக்கும் நிலையான வீடு கிடைக்கவில்லை. 1762-இல் பிரான்சில் இயேசு சபைக்கு எதிராக எழுந்த நடவடிக்கைகளால் அது புரூஜ் நகருக்கு ஓடியது. 1773-இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையையே கலைத்தபோது, அங்கிருந்து லியேஜ் நகருக்கு இடம் பெயர்ந்தது. 1794-இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை லியேஜை நெருங்கியது. மூன்றாவது முறையாக மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. இனி எங்கே போவது?

அப்போதுதான் தாமஸ் வெல்ட் முன்வந்தார். அவர் இந்தப் பள்ளியின் பழைய மாணவர். ஸ்டோனிஹர்ஸ்டின் உரிமையாளரும் அவரே. சிதைந்துகொண்டிருந்த மாளிகையைத் தம் ஆசிரியர்களுக்குத் தந்தார். ஆசிரியர்களும் மாணவர்களும் படகுகளில் மியூஸ் ஆற்றின் வழியே இறங்கி, கப்பலேறி ஹல் துறைமுகத்தை அடைந்து, இங்கிலாந்தைக் குறுக்கே கடந்து, 1794 ஆகஸ்டு 29 அன்று ஸ்டோனிஹர்ஸ்டை அடைந்தார்கள். அந்த நீண்ட சாலையைக் கண்டதும் பையன்கள் யார் முதலில் உள்ளே நுழைவது என்று ஓட்டப் பந்தயம் ஓடினார்கள் என்று பள்ளியின் மரபு சொல்கிறது.

நினைத்துப் பாருங்கள். 1592-இல் ஒரு வீடு தொடங்கியது. 1593-இல் ஒரு பள்ளி தொடங்கியது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: தங்கள் பிள்ளைகள் கத்தோலிக்கராகவே வாழ வேண்டும் என்ற ஏக்கம். ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்து, ஒன்று ஆளின்றி இடிந்துகொண்டும், மற்றது இடமின்றி அலைந்துகொண்டும் இருந்தபோது, இரு நூறு ஆண்டுகளுக்குப் பின் இரண்டும் சந்தித்தன. வீட்டுக்குப் பிள்ளைகள் கிடைத்தார்கள். பிள்ளைகளுக்கு வீடு கிடைத்தது.

ஒளிந்திருந்தது வெளியே வருகிறது

இனிமேல்தான் கட்டடம் வளரத் தொடங்கியது. அது எப்படி வளர்ந்தது என்பதில் இங்கிலாந்துத் திருச்சபையின் வரலாறே அடங்கியிருக்கிறது.

தாமஸ் வெல்ட் இதற்கு முன்பே, 1786-இல், லல்வொர்த்தில் தம் கோட்டைக்கு அருகே ஒரு சிற்றாலயம் கட்டத் தொடங்கியிருந்தார். மறுமலர்ச்சிக் கால மதப் பிரிவினைக்குப் பின் இங்கிலாந்தில் கத்தோலிக்கருக்கென்று தனித்து நிற்கும்படி கட்டப்பட்ட முதல் ஆலயம் அதுவே. அரசர் மூன்றாம் ஜார்ஜ் அதற்கு இசைவு தந்தபோது, பார்ப்பதற்கு ஆலயம் போல இருக்கக் கூடாது என்று சொன்னதாகக் கூறுவார்கள். ஆகவே வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது தோட்டத்தில் உள்ள ஒரு வட்ட மண்டபம் போலவோ, கல்லறை மாடம் போலவோ தோன்றும். உள்ளே போனால்தான் பீடம் தெரியும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் கத்தோலிக்க ஆயர் ஜான் கேரல் 1790 ஆகஸ்டு 15 அன்று ஆயராகத் திருப்பொழிவு பெற்றது இந்தச் சிற்றாலயத்தில்தான். அவரும் செயிண்ட் ஓமர் பள்ளியில் படித்தவரே.

1791-ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கருக்கு வழிபாட்டுக் கூடங்களை அனுமதித்தது. ஆனால் கோபுரம் கூடாது, மணி கூடாது, வழிபாட்டின்போது கதவைப் பூட்டக் கூடாது என்று நிபந்தனைகள் இருந்தன. 1829-இல் கத்தோலிக்கருக்குக் குடியுரிமைகள் பெருமளவு திரும்பக் கிடைத்தன. ஆயினும் அதே சட்டத்தில் இயேசு சபையினரைப் பதிவு செய்து, புதியவர்கள் சேராதபடி தடுத்து, மெல்ல மெல்ல இல்லாமல் செய்துவிட வேண்டும் என்ற பிரிவுகளும் இருந்தன. அவை பெரும்பாலும் ஏட்டோடு நின்றுபோயின. ஆனாலும் ஏட்டில் இருந்தன.

அந்தப் பிரிவுகள் ஏட்டில் இருந்த நாள்களிலேயே, 1832-இல், ஸ்டோனிஹர்ஸ்டின் இயேசு சபையினர் புனித பேதுரு ஆலயத்தைக் கட்டத் தொடங்கினார்கள். கட்டடக் கலைஞர் ஜோசப் ஜான் ஸ்கோல்ஸ். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் சிற்றாலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு, உயர்ந்த கோத்திக் சன்னல்களோடும் சிறு கோபுர முனைகளோடும் அது 1835-இல் எழுந்து நின்றது. பழைய மாளிகையின் வாயில் மாடத்துக்குப் பக்கத்திலேயே, எவரும் பார்க்கும்படி அது நிற்கிறது.

இந்த மூன்று கட்டடங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 1592-இன் மாளிகைக்குள் விசுவாசம் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. 1786-இன் லல்வொர்த்தில் அது மாறுவேடம் பூண்டு வெளியே வந்தது. 1835-இன் புனித பேதுரு ஆலயத்தில் அது தன் சொந்த முகத்தோடு நின்றது. ஏறக்குறைய 240 ஆண்டுகள் பிடித்த பயணம் இது. முதல் படியில் இருந்தவர் எவரும் கடைசிப் படியைப் பார்க்கவில்லை.

ஆலயத்தோடு வேலை நிற்கவில்லை. 1838-இல் தோட்டத்தில் ஒரு வானாய்வுக் கூடம் எழுந்தது. அங்கே பணியாற்றிய அருள்தந்தை ஸ்டீபன் பெர்ரி 1889-இல் சூரிய கிரகணத்தை ஆராயத் தென் அமெரிக்கக் கடற்கரைக்குச் சென்று, நோயுற்ற நிலையிலும் ஆய்வை முடித்துவிட்டு, கப்பலிலேயே உயிர் நீத்தார். பள்ளிக்குள் இடம் போதாமற் போகவே, 1870-களின் பிற்பகுதியில் தொடங்கி 1889 வரை, டன், ஹான்சம் என்ற இரு கட்டடக் கலைஞர்களின் திட்டப்படி மிகப் பெரிய தெற்கு முகப்பு கட்டப்பட்டது. நீண்ட நடைக்கூடங்களோடு கூடிய அந்தப் பகுதி அளவில் பழைய மாளிகையையே விஞ்சி நிற்கிறது.

சர் ரிச்சர்டின் வாயில் மாடம் என்னவாயிற்று? அதற்கும் ஒரு விடிவு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், வெறுமையாய் நின்ற மறு பக்கத்திலும், பழைய பகுதிக்கு இணையாக, அதே பாணியில் கட்டடம் எழுப்பப்பட்டது. இரு கைகளையும் விரித்து வரவேற்பது போல முகப்பு நிறைவு பெற்றது. இன்று சாலையில் நின்று பார்ப்பவருக்கு எது பதினாறாம் நூற்றாண்டு, எது பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று சட்டென்று பிரித்துச் சொல்ல முடியாது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிற்காலத்தவர் பழைய பாதியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாம். ஆனால் முன்னோர் தொடங்கியதை மதித்து, அவர்கள் வரைந்த கோட்டிலேயே தொடர்ந்தார்கள். அதே வேளையில், தங்கள் காலத்தின் தேவைக்கு ஏற்ப ஆலயத்தையும் வானாய்வுக் கூடத்தையும் வகுப்பறைகளையும் சேர்த்தார்கள். மரபு என்பது இதுதான் அல்லவா?

ஒரு கயிறும் ஒரு வாசகமும்

பள்ளிக்குள் காப்பாற்றப்பட்டு வரும் புனிதப் பொருள்களில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. அது ஒரு கயிறு. 1581 டிசம்பர் 1 அன்று டைபர்னில் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு புனித எட்மண்ட் கேம்பியனைக் கட்டிய கயிறு அது. அவரோடு 1580-இல் இங்கிலாந்துக்குள் நுழைந்த தோழர்தான் பள்ளியை நிறுவிய இராபர்ட் பெர்சன்ஸ். அவர் தம் நண்பரின் நினைவாக அந்தக் கயிற்றைச் சாகும் வரை தம்மோடு வைத்திருந்தார் என்பது மரபு. இன்று ஆண்டுதோறும் புனித கேம்பியனின் திருநாளில் அது புனித பேதுரு ஆலயப் பீடத்தின்மேல் வைக்கப்பட்டுத் திருப்பலி நிறைவேற்றப்படுகிறது. அன்று பள்ளிக்கு விடுமுறை. அந்தக் கயிறு திருநாளின் அடையாளமாகிவிட்டது. சிலுவையை வணங்கும் நமக்கு அதில் வியப்பில்லை.

இன்னொன்று, ஷெர்பர்ன் குடும்பத்தின் இலட்சினையில் இருந்த ஒரு பழைய பிரெஞ்சு வாசகம். அதன் பொருள் 'என்னால் இயன்ற மட்டும்' என்பதாகும். குடும்பம் மறைந்துவிட்டது. வாசகம் மறையவில்லை. பள்ளி அதையே தன் விருதுவாக்காக ஏற்றுக்கொண்டது. 1999 முதல் மாணவிகளும் முழுமையாகச் சேர்க்கப்படும் அந்தப் பள்ளியில், இன்றும் ஒவ்வொரு பிள்ளையும் அந்தச் சொற்களைத் தன் சட்டையில் சுமக்கிறது.

'என்னால் இயன்ற மட்டும்' என்று சொல்வதில் பெருமை ஏதுமில்லை. அதில் ஒருவகைத் தாழ்ச்சி இருக்கிறது. 'எல்லாவற்றையும் நானே செய்து முடிப்பேன்' என்று அது சொல்வதில்லை. 'என் பங்கைச் செய்கிறேன், மீதியை இறைவன் பார்த்துக்கொள்வார்' என்று சொல்கிறது. காணிக்கைப் பெட்டியில் இரண்டே காசுகள் போட்ட ஏழைக் கைம்பெண்ணை ஆண்டவர் பாராட்டியது அவள் போட்ட தொகைக்காக அல்ல. அவளால் இயன்றது அவ்வளவுதான், அதை முழுவதும் கொடுத்தாள் என்பதற்காக.

சர் ரிச்சர்டு ஷெர்பர்ன் புனிதர் அல்லர். காதில் கம்பளியை அடைத்துக்கொண்டு ஆலயத்தில் உட்கார்ந்திருந்தவராகச் சொல்லப்படும் மனிதர். டைபர்னுக்குச் சென்றவர்களின் துணிவு அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் தம்மால் இயன்றதைச் செய்தார். தம் வீட்டில் விசுவாசம் அணைந்துபோகாமல் காத்தார். பாதி வீட்டை விட்டுச் சென்றார். அந்தப் பாதிதான் பின்னாளில் எண்ணற்ற பிள்ளைகளுக்குக் கூரையாயிற்று. மறைச்சாட்சிகளின் பள்ளி கடைசியில் வந்து ஒதுங்கியது, இந்தத் தயங்கிய மனிதரின் வீட்டில்தான்!

நம் கையில் இருக்கும் பாதி

அன்புக்குரியவர்களே, நாம் ஒவ்வொருவரும் ஒரு பாதி வீட்டைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தோம்; வளர்ந்தபின் அவர்கள் ஆலயப் பக்கம் வருவதில்லை என்று வருந்துகிற பெற்றோர் உண்டு. இருபது ஆண்டுகள் மறைக்கல்வி நடத்தியும், 'என்ன பலன் கண்டேன்?' என்று கேட்கிற ஆசிரியர் உண்டு. பங்கில் தாம் தொடங்கிய பணியை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, மாறுதலில் செல்கிற குருவானவர் உண்டு. நோயில் படுத்தபடி, 'செய்ய நினைத்ததில் பாதிகூடச் செய்யவில்லையே' என்று கண்கலங்குகிற முதியவர் உண்டு.

அவர்களுக்கெல்லாம் லங்காஷயரின் இந்தக் கல் வாயில் ஒரு செய்தியைச் சொல்கிறது. மோசே வாக்களிக்கப்பட்ட நாட்டை மலைமேல் நின்று பார்த்தாரே தவிர அதற்குள் நுழையவில்லை. ஆலயம் கட்டத் தாவீது ஆசைப்பட்டார், கட்டியவர் சாலமோன். விதைத்தவர் ஒருவர், அறுவடை செய்தவர் வேறொருவர். இறைவனின் வேலையில் இது குறை அன்று. இதுவே அவருடைய வழக்கம்.

ஒன்றை மட்டும் நாம் செய்ய வேண்டும். நாம் கட்டுகிற பாதி உறுதியாக இருக்க வேண்டும். சர் ரிச்சர்டு தாம் கட்டிய அளவைச் செம்மையாகக் கட்டினார்; அதனால்தான் நாற்பது ஆண்டுப் புறக்கணிப்பையும் அந்தச் சுவர்கள் தாங்கின; பின்வந்தவர்களால் அவற்றோடு இணைத்துக் கட்ட முடிந்தது. அரைகுறையாக நிற்பது வேறு, அரைமனத்தோடு கட்டுவது வேறு.

இன்றிரவு படுக்கப் போகுமுன், நாம் முடிக்காமல் விட்ட ஒன்றை மனத்தில் கொண்டு வருவோம். அதற்காக நம்மையே நொந்துகொள்ளாமல், அதை ஆண்டவரின் கையில் வைப்போம். நாளைக் காலையில் எழுந்து, நம்மால் இயன்ற மட்டும், அடுத்த கல்லை வைப்போம்.